தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் கூதிர்கால வண்ணச் செடிகள்

கூதிர்கால வண்ணச் செடிகள் என்பவை ஐப்பசி முதல் தை வரையிலான மாதங்களில் பூவாலோ இலையாலோ காயாலோ வீட்டுத் தோட்டத்துக்கு நிறம் தரும் குறுஞ்செடிகளும் புதர்ச்செடிகளும் ஆகும். குளிர்நாடுகளில் இதே மாதங்களில் மேப்பிள், சுமாக், யூவோனிமஸ் போன்றவற்றின் இலைகள் சிவந்தும் மஞ்சளித்தும் உதிர்கின்றன. அந்தக் காட்சியைப் படங்களில் பார்த்துவிட்டு அதே செடிகளைத் திருநெல்வேலியில் வளர்க்க முயல்பவர்கள் உண்டு. முயற்சி பெரும்பாலும் வீணாகிறது. காரணம் பராமரிப்பில் இல்லை, தட்பவெப்பத்தில் இருக்கிறது. ஆனால் இப்பகுதிக்கென்று ஒரு வண்ணக்காலம் உண்டு. அதற்குரிய செடிகளும் உண்டு.

இலையுதிர்காலம் என்னும் சொல்

பள்ளிப் பாடங்களில் ஆங்கிலேயரின் நான்கு பருவங்களைத் தமிழாக்கும்போது இலையுதிர்காலம் என்ற சொல் வழக்குக்கு வந்தது. தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரிக்கிறது. ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. பின்னர் இளவேனில், முதுவேனில். இவற்றுள் இலையுதிர்வின் பெயரால் ஒரு பருவமும் இல்லை. ஐரோப்பாவில் இலை உதிரும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் தாமிரபரணிக் கரையில் வடகிழக்குப் பருவமழை பெய்து எல்லாம் தளிர்க்கிறது. இங்கே இலை உதிர்வது மழை நின்று மண் காயும் தை, மாசி, பங்குனி மாதங்களில்தான். பள்ளிக்கூட வளாகங்களில் நிற்கும் நாட்டு வாதுமை மரம் இதற்கு நல்ல சான்று. பாதாம் மரம் என்று பிள்ளைகள் சொல்லும் இம்மரம் பனிக்காலத்தில் இலைகளைச் செக்கச் சிவக்க மாற்றி உதிர்த்துவிட்டு உடனே தளிர்க்கும். இப்பகுதியில் மேல்நாட்டு இலையுதிர்வுக்கு மிக நெருங்கிய காட்சி அதுவே. ஆனால் அது பெருமரம். சிறிய வீட்டு மனைக்கு ஆகாது.

இலை ஏன் நிறம் மாறுகிறது

இலையின் பச்சைக்குக் காரணம் பச்சையம். அதனுடன் கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமிகளும் இலையில் எப்போதும் இருக்கின்றன. பச்சையத்தின் மிகுதியால் அவை வெளித்தெரிவதில்லை. குளிர்நாட்டில் பகல் குறுகி இரவு குளிரும்போது மரம் பச்சையத்தைச் சிதைத்து இலையிலுள்ள தழைச்சத்தைத் தண்டுக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. மறைந்திருந்த மஞ்சள் அப்போது தெரிகிறது. சிவப்பின் கதை வேறு. அது ஆந்தோசயனின் என்னும் நிறமி. பல செடிகளில் இலை முதிரும் வேளையில் இது புதிதாக உண்டாகிறது. வெயிலான பகலும் உறையாத குளிர் இரவும் சேர்ந்தால் சிவப்பு ஆழமாகும். கடைசியில் இலைக்காம்பின் அடியில் ஒரு பிரிபடலம் உருவாகி இலை உதிர்கிறது.

திருநெல்வேலி நில நடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 8.7 பாகையில் உள்ளது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. ஜப்பானிய மேப்பிளின் விதை முளைப்பதற்கே மூன்று மாதம் போலக் குளிர்பதனப் பெட்டியின் குளிர் வேண்டும். முளைத்தாலும் குளிர்கால உறக்கம் கிடைக்காத செடி ஆண்டுக்கு ஆண்டு நலிந்து போகும். எனவே இணையத்தில் மேப்பிள் விதை விளம்பரம் கண்டு பணம் அனுப்புவதில் பயனில்லை.

ஆந்தோசயனின் மட்டும் குளிருக்கு மட்டுமே உரியதன்று. மாந்தளிரின் செம்பழுப்பு, குரோட்டன் இலையின் சிவப்பு ஆகியவையும் அதே நிறமியால் வருபவை. கடும் வெயிலிலிருந்து இளந்திசுவைக் காப்பது அதன் வேலைகளில் ஒன்று என்று கருதப்படுகிறது. அதனால் வெப்ப நாட்டுத் தோட்டத்தில் இலைநிறம் வேண்டுவோர் குளிரைத் தேட வேண்டியதில்லை. வெளிச்சத்தைத் தேடினால் போதும்.

பள்ளத்தாக்கின் மண்ணும் நீரும் காற்றும்

பொதிகை மலையில் தோன்றிப் பாபநாசத்தில் சமவெளி இறங்கும் தாமிரபரணி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. இந்தச் சிறு தொலைவுக்குள் நிலமும் மழையும் வெகுவாக மாறுகின்றன. மேற்கே மலையடிவாரத்தில் ஆனி, ஆடியில் சாரல் உண்டு. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே அந்த மாதங்களில் வெறும் காற்றுதான். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றுவது போலவே வீட்டுத் தொட்டிச் செடியின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். வண்ணச் செடிகள் மிகுதியாகச் சாவது சித்திரை வெயிலில் அன்று, இந்தக் காற்றில்தான். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தும் இலைநுனி கருகுகிறதென்றால் செடியைச் சுவரின் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றுவதே மருந்து.

கன்னடியன் கால்வாய் போன்ற பழைய வாய்க்கால்கள் பாயும் ஊர்களில் வண்டல் மண் கிடைக்கும். அதில் ஏறக்குறைய எல்லாச் செடியும் வரும். மானூர், கங்கைகொண்டான் பக்கம் செம்மண்ணும் கரிசலும் கலந்து வருகின்றன. கரிசலில் சுண்ணாம்பு மிகுதி; மழையில் நீர் தேங்கும், வெயிலில் வெடிக்கும். இதற்குமேல் புதிய குடியிருப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. மனையை மேடாக்கக் கொட்டிய கட்டட இடிபாடுகளின் சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்குகின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். செடியைத் தேர்ந்தெடுக்கும் முன் நிறத்தைப் பார்ப்பதைவிட வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரைச் சுவைத்துப் பார்ப்பது பயன் தரும். மண், நீர் மாதிரிகளை வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையங்களில் கொடுத்து ஆய்ந்துகொள்ளலாம்.

டிசம்பர் பூ

இப்பகுதியின் கூதிர்கால வண்ணத்துக்கு ஒரே ஒரு செடியைச் சொல்ல வேண்டுமானால் டிசம்பர் பூவைத்தான் சொல்ல வேண்டும். இதன் அறிவியல் பெயர் பார்லேரியா கிறிஸ்டாட்டா. இந்தியாவையும் அண்டை நாடுகளையும் தாயகமாகக் கொண்டது. பேரினப் பெயர், ஜாக் பரேலியே என்ற பிரெஞ்சுத் துறவியும் தாவரவியலாளருமானவரின் நினைவாக வைக்கப்பட்டது. ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு, வெள்ளையில் ஊதாக் கோடு எனப் பல நிறங்கள் உண்டு. மணம் கிடையாது. ஆயினும் மார்கழிக் காலையில் கனகாம்பரத்தோடும் மரிக்கொழுந்தோடும் சேர்த்துக் கட்டிய சரம் இல்லாமல் பழைய தலைமுறைப் பெண்களின் தலைப்பின்னல் நிறைவுபெற்றதில்லை.

இதன் வளர்ப்பில் காலக்கணக்கே முக்கியம். ஆனி, ஆடியில் விரல் நீளத்துக்குச் சற்று மேற்பட்ட, முற்றிய தண்டுக் குச்சிகளை வெட்டி நிழலில் ஈரமணலில் நட்டால் மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். ஆவணியில் நிலத்துக்கு மாற்றலாம். செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி போதும். ஆவணி முடியும் வரை நுனியைக் கிள்ளிவிட வேண்டும். ஒரு நுனி கிள்ளினால் இரண்டு கிளை வரும், பூவும் இரட்டிக்கும். புரட்டாசிக்குப் பிறகு கிள்ளக் கூடாது. பூமொட்டு வருவது நுனியில்தான். ஆர்வமிகுதியில் ஐப்பசியில் கவாத்து செய்துவிட்டு, கார்த்திகையில் பூக்கவில்லையே என்று வருந்துவது இச்செடியில் அடிக்கடி நடக்கும் பிழை. கவாத்துக்கு உரிய காலம் பூத்து முடிந்த மாசி. தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டலாம். கோடையில் வாடி நின்றாலும் மழைக்குத் தழைத்துவிடும்.

கனகாம்பரம்

தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இச்செடி ஆண்டு முழுவதும் பூக்கும். கடும் மழை நாள்களில் பூ அழுகிக் குறையும். டெல்லிக் கனகாம்பரம் என்று விற்கப்படும் அடர்நிற வகை மும்மடியம் என்பதால் விதை பிடிக்காது. குச்சியால்தான் பெருக்க வேண்டும். நாட்டு வகையின் காய்ந்த விதைக்கூடு மழைத்துளி பட்டதும் பட்டென்று வெடித்து விதையை எறியும். சிறுவர்கள் அதை நாக்கின் ஈரத்தில் வைத்து வெடிக்கவிடுவது ஒரு விளையாட்டு. வேர்முடிச்சு நூற்புழுவும் வாடல் நோயும் கனகாம்பரத்தின் பெரும் பகை. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் நடாமல் இடம் மாற்றுவதும், குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு இடுவதும் உதவும்.

இட்லிப்பூவும் அன்னபேதியும்

வெட்சி, தெச்சி, இட்லிப்பூ என்று பல பெயர் கொண்ட இக்சோரா காக்சினியா தென்னிந்தியாவின் சொந்தச் செடி. ஆநிரை கவரச் செல்லும் மறவர் வெட்சி சூடியதால் அத்திணைக்கே இப்பூவின் பெயர் வந்ததைத் தொல்காப்பியம் படித்தவர்கள் அறிவார்கள். மழைக்குப் பின் இதன் செங்கொத்துகளுக்கு இணையில்லை. புதுத்தளிரும் செம்பழுப்பாக இருக்கும்.

ஆனால் திருநெல்வேலி நகரப்பகுதியில் மிகுதியாகக் கெட்டுப்போவதும் இச்செடியே. வாங்கும்போது கரும்பச்சையாக இருந்தது ஆறு மாதத்தில் மஞ்சளாகிவிடும். இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பலர் இதைப் பார்த்துவிட்டு மேலும் சாணமும் யூரியாவும் போடுகிறார்கள். குறை தழைச்சத்தில் இல்லை. இட்லிப்பூவுக்குச் சற்றுப் புளிப்பான மண் வேண்டும். கார அமிலக் குறியீடு 5.5 முதல் 6.5 வரை இருப்பது ஏற்றது. சுண்ணாம்பு மண்ணில் இக்குறியீடு 8ஐ எட்டும்போது மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. பச்சையம் உருவாவதற்கு இரும்பு தேவை. ஆகவே இளம் இலைகள் முதலில் வெளுக்கின்றன. தழைச்சத்துக் குறையில் இதற்கு மாறாக அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தால் வீண் உரச் செலவு மிச்சமாகும்.

நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்று கிடைக்கும் இரும்பு சல்பேட்டை லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலை நனையத் தெளிக்கலாம். இரண்டு வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புதுத்தளிர் பச்சையாக வரும். இது நோயைத் தள்ளிப்போடுவதே தவிர மண்ணை மாற்றுவது அன்று. கரிசல் மனையில் இட்லிப்பூ வேண்டுமென்றால் செம்மண், மணல், மக்கிய இலை உரம் சேர்த்த பெரிய தொட்டியில் வைத்து, மொட்டைமாடியில் பிடித்த மழைநீரையோ ஆற்றுத் தண்ணீரையோ ஊற்றுவதே நல்லது. சிமெண்டுத் தொட்டியைவிட மண்தொட்டி மேல்.

இலையால் நிறம் தருபவை

குரோட்டன் என்று எல்லோரும் சொல்லும் கோடியேயம் வேரிகேட்டம், மலேசியத் தீவுக்கூட்டங்களைச் சேர்ந்தது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கருஞ்சிவப்பு ஆகிய நான்கும் ஒரே இலையில் கூட வரும். நாளுக்கு நான்கைந்து மணி நேரம் காலை வெயில் பட்டால்தான் இந்த நிறம் நிற்கும். மரநிழலில் வைத்தால் பச்சையாகிவிடும். நேரடி மேற்கு வெயிலில் சித்திரை, வைகாசியில் இலை வெந்துபோகும். இடம் மாற்றிய புதிதில் இலைகளைக் கொட்டிவிடுவது இதன் இயல்பு. செத்துவிட்டதென்று பிடுங்கிப் போடாமல் ஒரு மாதம் பொறுத்திருக்கலாம். பால் தோலில் பட்டால் அரிக்கும்.

இதைவிட எளியது அக்காலிஃபா வில்கேசியானா. பசிபிக் தீவுகளிலிருந்து வந்த இதற்கு 1838 முதல் 1842 வரை அமெரிக்க ஆய்வுக் கப்பற்படையை நடத்திய சார்லஸ் வில்க்ஸின் பெயர் வைக்கப்பட்டுள்ளது. செம்பு, பித்தளை, சாந்து நிறங்கள் கலந்த அகன்ற இலை. குளிர்நாட்டு இலையுதிர்காலப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவருக்கு அந்த நிறவரிசையை ஏறத்தாழ அப்படியே தருவது இதுதான். குச்சி எளிதில் வேர் பிடிக்கும். வேலியாகவும் வளரும். ஆண்டுக்கு ஒருமுறை பாதியளவு வெட்டிவிட்டால் புதுத்தளிரில் நிறம் கூடும். கவனிக்க வேண்டியது மாவுப்பூச்சி. லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் சேர்த்து இலையின் அடிப்பக்கத்தில் படும்படி தெளித்தால் கட்டுப்படும்.

பாயின்செட்டியாவில் சிவப்பாகத் தெரிவது பூ அன்று, பூவடிச் செதில் இலைகள். மெக்சிகோவைச் சேர்ந்த இது அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் பாயின்செட்டின் பெயரைக் கொண்டது. இரவு ஏறத்தாழ 12 மணி நேரத்தைத் தாண்டும்போதுதான் மொட்டுக் கட்டும். இங்கே புரட்டாசிக்குப் பின் அந்நிலை வந்து மார்கழியில் சிவக்கும். தெருவிளக்கு அல்லது வாசல் விளக்கின் ஒளி இரவெல்லாம் படும் இடத்தில் வைத்த செடி எத்தனை ஆண்டானாலும் சிவக்காமல் பச்சையாகவே நிற்கக்கூடும். புறவாசலின் இருட்டு மூலையே இதற்குச் சரியான இடம்.

முசாண்டாவிலும் இதே போன்ற ஏமாற்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டு வகையான வெள்ளிலையில் ஆரஞ்சு நிறச் சிறு பூவின் ஒரு புல்லிதழ் மட்டும் இலை அளவுக்குப் பெரிதாகி வெண்மையாக விரியும். தோட்டத்துக்கு விற்கப்படும் இளஞ்சிவப்பு வகைகளில் ஐந்து புல்லிதழும் பெருத்திருக்கும். அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கத்து ஈரக்காற்றில் இது செழிக்கும். கிழக்கே போகப் போகச் சோர்ந்து நிற்கும்.

தண்ணீர் குறைந்த மனைகளுக்கு

உப்புத் தண்ணீரும் காற்றும் மட்டுமே உள்ள இடத்தில் மேலே சொன்ன பலவும் தாக்குப்பிடிக்கா. அங்கே ஆவாரை, விராலி, நொச்சி, காகிதப்பூ ஆகியவற்றை நம்பலாம். ஆவாரையை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை என்பதாலேயே தோட்டச் செடியாக மதிப்பதில்லை. மழைக்குப் பின் அது பொன்னாகப் பூத்து நிற்பதைச் சாலையோரம் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டவும் வீட்டிலேயே பூ கிடைக்கும். இதன் விதைத்தோல் கடினமானது. ஓர் இரவு நீரில் ஊறவைத்து நேரடியாக நிலத்தில் ஊன்ற வேண்டும். ஆணிவேர் இறங்கிய பிறகு பெயர்த்து நட்டால் பிழைக்காது. விராலியின் சிறகுள்ள காய்கள் செம்மை படர்ந்து கொத்தாகத் தொங்கும். பூவைவிடக் காயே அழகு.

காகிதப்பூவின் வழக்கம் மற்றவற்றுக்கு நேர் எதிரானது. மழையில் இலையாகவே வளரும். தை பிறந்து மண் காயத் தொடங்கியதும் நிறம் கொட்டும். இரக்கப்பட்டு நாள்தோறும் தண்ணீர் ஊற்றினால் பூ குறையும். டிசம்பர் பூ முடியும் இடத்தில் இது தொடங்குவதால் இரண்டையும் சேர்த்து நட்டால் ஐப்பசி முதல் வைகாசி வரை வாசலில் நிறம் இருக்கும்.

நடும் முறை

ஒன்றரை அடி ஆழ, அகலக் குழி தோண்டி ஒரு வாரம் ஆறவிட்டு, மேல்மண்ணோடு சம அளவு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்ப வேண்டும். கரிசலில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றுமணல் அல்லது செம்மண் சேர்க்கலாம். குழியைப் பள்ளமாக விடாமல் அரையடி மேடாக்கி நடுவது இப்பகுதிக்குப் பொருந்தும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் பல பகுதிகள் மூழ்கின. அத்தகைய வெள்ளத்தை எந்த மேடும் தடுக்காது. ஆனால் ஆண்டுதோறும் வரும் சாதாரண அடைமழையில் இரண்டு மூன்று நாள் நீர் தேங்கினாலே கனகாம்பரமும் குரோட்டனும் வேரழுகும். அதற்கு அரையடி மேடு போதுமானது. மழை விட்டதும் வேரடி மண்ணை லேசாகக் கிளறிக் காற்றோட்டம் தர வேண்டும்.

மேற்கே சாரல் உள்ள ஊர்களில் ஆடியிலும், கிழக்கே முதல் நல்ல மழை பெய்த பின் ஐப்பசியிலும் நடலாம். நர்சரியில் வாங்கும்போது பூத்துக் குலுங்கும் பெரிய செடியைவிட, பையின் அடியில் வேர் சுருண்டு வெளிவராத இளஞ்செடியே மேலானது. விதவிதமான வகைகளை நேரில் ஒப்பிட விரும்புவோர் குற்றாலம் ஐந்தருவி அருகேயுள்ள தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்காவைப் பார்க்கலாம்.

நடக்கூடாதவை

அரளி வகைகள் உப்பையும் வறட்சியையும் தாங்கும் என்பது உண்மை. செவ்வரளியின் எல்லாப் பகுதிகளும் மஞ்சள் அரளியின் விதையும் இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சு. தவழும் குழந்தையோ அவிழ்த்துவிட்ட ஆடு மாடோ உள்ள வீட்டில் வேண்டாம். வெட்டிய கிளைகளைத் தெருவில் போடுவதும் ஆபத்து. கார்த்திகைப் பூ எனப்படும் செங்காந்தள் மாநில மலர் என்ற பெருமைக்குரியது என்றாலும் அதன் கிழங்கும் விதையும் அவ்வாறே நஞ்சு. பாயின்செட்டியாவின் பாலுக்கு இந்த அளவு கெடுதி இல்லை. தோலிலும் கண்ணிலும் எரிச்சல் தரும்.

மற்றொரு வகைக் கேடு உடனே தெரியாது. உண்ணிச்செடி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்கத்தாவுக்கு அழகுச் செடியாகத்தான் கொண்டுவரப்பட்டது. இன்று அது நாட்டின் காடுகளில் மிகப் பரவலான களைகளுள் ஒன்று. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் எல்லை பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு ஊர்களின் வீட்டுக் கொல்லைகளுக்கு வெகு அருகில் இருக்கிறது. உண்ணிப்பழத்தைத் தின்னும் பறவைக்கு மதில் ஒரு தடையில்லை. கலப்பு நிறத்தில் தொட்டியில் விற்கப்படும் உண்ணிச்செடி வகைகளில் மலடானவையும் உண்டு. காய் பிடிப்பவையும் உண்டு. பார்த்தவுடன் பிரித்தறிய முடியாது. மலையடிவார ஊர்களில் ஏற்கெனவே வைத்துவிட்டவர்கள் காய் கறுக்கும் முன் கொத்துகளை நறுக்கிவிட்டு, மழையில் மண் இளகியிருக்கும் நாளில் வேரோடு பிடுங்கிவிட வேண்டும். அடிக்கட்டையை மட்டும் வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். அந்தக் குழியிலேயே டிசம்பர் பூவின் வேர் பிடித்த குச்சியை நட்டுவிடலாம்.